கடைசிச் சுருள்

நாரெவ் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிற்றூரின் கலை இல்லத்தில், படம் பார்க்க வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டிவைக்கும் வேலையைப் பதினோரு வருடங்களாக இர்மினா பார்த்துவந்தாள். அந்தப் பதினோரு வருடங்களில் நானூறு படங்களாவது பார்த்திருப்பாள். ஒரு படத்தின் முடிவைக்கூட அவள் பார்த்ததில்லை.

வேலை அப்படி. கோடையில் அங்கே படம் கிடையாது. செப்டம்பரில் தொடங்கி மே வரைக்கும்தான். அந்த மாதங்களில் கோட்டு இல்லாமல் யார் வீட்டைவிட்டு இறங்குவார்கள்? கோட்டோடு அரங்குக்குள் போகவும் கூடாது. இர்மினா ஒவ்வொன்றாக வாங்குவாள், கொக்கியில் மாட்டுவாள், எண் அடித்த தகர வில்லையைக் கையில் கொடுப்பாள். கழுத்துப் பட்டையின் உள்ளே மாட்டும் நாடா அறுந்த கோட்டு வந்தால் அவளுக்குப் பொறுக்காது. "நாடா தைக்கக்கூட வீட்டுல ஊசி இல்லையா? காதைப் பிடிச்சா தொங்கவிடறது?" என்பாள். நீதிபதியாக இருந்தாலும் அதே பேச்சுதான். விளக்கு அணைந்ததும் அறையைப் பூட்டிவிட்டு, அரங்கின் கதவோரம் கிடக்கும் மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஒவ்வொரு படச்சுருளும் தீரும்போது திரையின் வலது மூலையில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னி மறையும். அது, படம் ஓட்டுகிற ஹூபெர்ட் அடுத்த சுருள் இருக்கும் இயந்திரத்தை ஓடவிடுவதற்கான அடையாளம். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ கீறல். இர்மினா அதை எண்ணிக்கொண்டே இருப்பாள். கடைசிச் சுருள் தொடங்கும் பொட்டு வந்ததும் நாற்காலியை மடக்கிவிட்டு எழுந்துவிடுவாள். படம் முடிந்த அடுத்த நொடி நூற்றைம்பது பேர் ஆறு பத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவருவார்கள். அப்போது அறை பூட்டியிருந்தால் மறுநாள் மேலாளரிடம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே முடிவுகள் அவளுக்கு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, துண்டு துண்டாகத்தான் வந்தன.

"அவ அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. நானா இருந்தா அந்தக் கடுதாசியைக் கிழிச்சிருப்பேன்."

"நீ மொதல்ல என் குடையைக் கிழிக்காம எடு."

"ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சு, கடைசில சாகடிச்சுட்டான் பாவி."

"யாரை?"

"என்னைத்தான்!"

இந்தத் துண்டுகளை வைத்து இர்மினா முடிவை ஒட்டுப்போட்டுக்கொள்வாள். யாராவது மறுவாரம், 'அம்மா' என்பதற்கு அந்த ஊர் வழக்கான 'பானி' சேர்த்து, "பானி இர்மினா, அந்தப் படம் எப்படி, பாக்கலாமா?" என்று கேட்டால், "பாக்கலாம். கடைசி மட்டும் கொஞ்சம் இழுக்கும்" என்பாள். எந்தப் படத்துக்கும் அது பொருந்தியது. ஊரில் அவளுக்குப் படம் தெரிந்தவள் என்ற பெயரும் இருந்தது.

அவள் சொல்வதைத் தவறாமல் கேட்கும் ஒரே ஆள் ஜெனோன். இருபத்தாறு வருடம் பியாவிஸ்டோக் தடத்தில் பஸ் ஓட்டிய அவள் புருஷன். நான்காம் மாடி வீடு, மின்தூக்கி இல்லை. இரண்டு வருடமாக மூச்சு சரியில்லாததால் அவன் படத்துக்குப் போவதை விட்டிருந்தான். இந்த செப்டம்பரிலிருந்து கீழே இறங்குவதையே விட்டுவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள், "ம், ஓட்டு" என்பான்.

அவள் சொல்வாள். அவன் குறுக்கிடுவான்.

"மழையில, மலைப்பாதையில, ஒரு கையால ஓட்டினானா? இன்னொரு கை எங்க?"

"அவ தோள்மேல."

"செத்தான். பயணிங்க எத்தனை பேர்?"

"அது கார், ஜெனெக்." செல்லமாக அவனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எதுவா இருந்தா என்ன? படம் எடுத்தவனுக்கு லைசென்ஸ் இருந்திருக்காது."

அவனுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. டெலிவிஷனில் வரும் அயல்நாட்டுப் படங்களில் எல்லோருடைய பேச்சையும் ஒரே ஆள்தான் வாசிப்பார். கொலைகாரன், குழந்தை, காதலி எல்லாருக்கும் அதே ஆண்குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், கடைக்குப் போக வேண்டிய சாமான் பட்டியலைப் படிப்பதுபோல. அடியில் நடிகர்கள் அவர்கள் பாஷையில் கத்திக்கொண்டிருப்பார்கள். இர்மினாவும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பான் ஜெனோன். அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்தால் போதும், கையைத் தூக்கிவிடுவான்.

"வாசிக்கிறவன் அழக் கூடாது. அழறது நடிகனோட வேலை."

அவள் சொன்னதில் அவனுக்கு மிகவும் பிடித்தது படகுக்காரன் படம். போன வருடத்துக்கு முந்தின பனிக்காலத்தில் வந்தது. வடக்கே எங்கோ ஒரு ஏரி. ஆட்களை அக்கரை சேர்க்கிற ஒரு கிழவன், கூடவே அவன் நாய். ஏரி உறையத் தொடங்கிய நாளில் அக்கரையில் ஒருத்திக்குப் பிரசவ வலி. பெண்டாட்டி தடுத்தும் கேட்காமல் நாயையும் ஏற்றிக்கொண்டு கிழவன் மருத்துவச்சியை அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புகிறான். பனிமூட்டம். பெண்டாட்டி விளக்கை ஏற்றி வாசலில் வைக்கிறாள். அங்கே பொட்டு மின்னியது. இர்மினா எழுந்துவிட்டாள்.

அன்றைக்கு மேசைக்கு முதலில் வந்தவள் மருந்துக்கடைக்காரர் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "கடைசில வந்துட்டான் பாத்தியா! நடுங்கிக்கிட்டே வாசல்ல நின்னானே. அவ கட்டிப் புடிச்சுக்கிட்டா, எனக்குத் தாங்கல."

இர்மினா அதை அப்படியே கொண்டுபோய் ஜெனோனிடம் வாசித்தாள். படகுக்காரன் நடுங்கிக்கொண்டே வாசலில் வந்து நின்றான், பெண்டாட்டி கட்டிப் பிடித்துக்கொண்டாள், முற்றும். ஜெனோன் மெல்லத் தலையாட்டினான். பிறகு, "வண்டியை எடுத்தவன் கொண்டுவந்து சேத்தான். அதுதான் தொழில்" என்றான். அதற்குப் பிறகு இருமல் அடங்காத ராத்திரிகளில் அவனே சொல்லிக்கொள்வான்: "பனிமூட்டம்தானே. படகுக்காரன் வரலையா?"

நவம்பரில் ஒரே ஒருநாள் மட்டும் படியிறங்கி மாவட்ட மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் அம்மா ஜெனோனை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இர்மினாவை மட்டும் உள்ளே அழைத்தார். நுரையீரல் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் பரவிடுச்சும்மா. ஏப்ரல் தாண்டினா பெரிசு. அவர்கிட்ட சொல்லாதீங்க. இருக்கிற தெம்பும் போயிடும்."

வெளியே வந்தவளிடம் ஜெனோன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டான்: "என்னவாம்?"

"பழைய சளி கட்டிக்கிட்டிருக்காம். வெயில் வந்தா கரைஞ்சுடுமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அன்றிலிருந்து எல்லாமே மே மாதத்துக்குப் போயிற்று. மே மாதம் வெயில் வரும். மே மாதம் ஊரோரத்தில் அவர்களுக்கு இருந்த தோட்டத்துக் குடிசைக்குக் கூரை மாற்ற வேண்டும். மே மாதம் அவனே பஸ் ஏறி அவ்குஸ்தூவுக்குப் போய் கெரார்டைப் பார்க்க வேண்டும்.

கெரார்ட் அவன் தம்பி. ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. ஒரு ஜனவரியில், ஜெனோன் வண்டியை எடுக்கும்போது கெரார்ட் பனியில் ஓடிவருவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. நேரமாகிவிட்டது, ஜெனோன் நிறுத்தவில்லை. அடுத்த பஸ்ஸில் கெரார்ட் பியாவிஸ்டோக் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். அம்மாவுக்கு முடியாமல் போனது காலையிலிருந்து வண்டியில் இருந்த ஜெனோனுக்குத் தெரியாது. அதைத் தம்பியிடம் அவன் சொன்னதும் இல்லை. "நாலு நிமிஷம் தாமதம் அவன்" என்பான். நான்கு வருடம் கழித்து, "கண்ணாடியில பாத்தேன், இர்மா" என்று ஒருநாள் சொன்னான்.

இப்போது இர்மினா வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள்: "கெரார்டுக்கு ஒரு போன் பண்ணுவோமா?"

"எதுக்கு அவசரம்? மே மாசம் நேர்ல போய்க்கறேன். போன்ல பேசற விஷயமா அது?"

அவள் பாத்திரத்தைத் தேய்ப்பாள். மே மாதம் என்று ஒன்று இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். சொன்னால் தெம்பு போய்விடும். சொல்லாவிட்டால் தம்பி போய்விடுவான். இந்த இரண்டுக்கும் நடுவில் டிசம்பர் போனது, ஜனவரி போனது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நாடகத்துக்காக அவள் கலை இல்லத்துக்குப் போயிருந்தாள். இருட்டத் தொடங்கும்போது வீடு திரும்பினாள். ஜெனோன் சோபாவில் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். டெலிவிஷன் அணைந்திருந்தது. "ஓட்டு" என்று அவன் சொல்லவில்லை.

"இன்னிக்கு ரெண்டாவது சேனல்ல ஒரு படம் போட்டான்" என்றான்.

"என்ன படம்?"

"ஒரு ஏரி. ஒரு கிழவன். ஒரு நாய்."

"அட, நம்ம படகுக்காரன்!" என்றாள் இர்மினா சந்தோஷமாக. "எப்படி, நான் சொன்ன மாதிரியே இருந்துச்சா?"

"இருந்துச்சு. விளக்கை வாசல்ல வெக்கிற வரைக்கும்." அவன் போர்வையின் ஓரத்தை மடித்தான், பிரித்தான். "அப்புறம் அவ மூணு நாள் உக்காந்திருக்கா, இர்மா. மேசையில ரெண்டு தட்டு. நாலாவது நாள் கதவுல ஏதோ பிறாண்டுற சத்தம். தொறக்கறா."

"வந்துட்டான்ல?"

"வந்துட்டான். நாய்."

அந்த ஊர் பாஷையில் நாயும் ஆண்பால், மனிதனும் ஆண்பால்; இரண்டுக்கும் 'வந்தான்'தான். திரும்பி வந்தது எஜமானா நாயா என்று வினையை வைத்துச் சொல்ல முடியாது. மருந்துக்கடைக்காரர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்ன அந்த ஒரு வார்த்தை இர்மினாவின் காதில் மறுபடி விழுந்தது. நடுங்கிக்கொண்டே வாசலில் நின்றான். அவள் கையிலிருந்த ரொட்டிப் பையைக் கீழே வைத்தாள்.

"நான் வேணும்னு சொல்லல, ஜெனெக். எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

"கேட்டுச்சா? நீ படம் பாத்தியா, கேட்டியா?"

அப்போது அவள் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பொட்டு மின்னுவது, நாற்காலியை மடக்குவது, கோட்டு வரிசை, பதினோரு வருடம், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். ஜெனோன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அவள் ஓடிப்போய் முதுகைத் தடவ வேண்டியிருந்தது.

"அப்போ அந்தக் கன்னியாஸ்திரீ? கடைசில தப்பிச்சுப் போய் பேக்கரி வெச்சாளே?"

"ரெண்டு பொம்பளைங்க பேக்கரி பத்திப் பேசிட்டிருந்தாங்க. அவதான் வெச்சான்னு நெனச்சேன்."

"கடங்காரி" என்றான் அவன், கண்ணில் நீரோடு. "பதினோரு வருஷம்! ஒண்ணாவது நெசமா?"

"சிலது நெசமா இருக்கும். சிலதை நானே கொஞ்சம் நல்லதாக்கிச் சொன்னேன். நீ வீட்டுலயே கெடக்கறியேன்னு."

அவன் சிரிப்பு நின்றது. அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். அவள் ரொட்டிப் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சனிக்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னான்: "இன்னிக்கு எழுந்து வராதே. முழுசா பாத்துட்டு வா. ஒண்ணும் சேக்காம, ஒண்ணும் குறைக்காமச் சொல்லு."

"கோட்டு யாரு குடுக்கறது? மேலாளர் என்னைத் தின்னுடுவார்."

"தின்னட்டும். ஒரு தடவை."

அன்றைய படத்தில் ரயில் நிலையச் சிற்றுண்டிக் கடை நடத்தும் ஒருத்தி இருந்தாள். பொட்டு மின்னியபோது இர்மினாவின் உடம்பு தானாக எழுந்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாசலில் யாரையோ விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது. திரையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் அடுப்பை அணைத்தாள், கடையைப் பூட்டினாள், நடைமேடையில் நின்றாள். ஒரு ரயில் நிற்காமல் போனது. விளக்கு எரிந்தது.

வெளியே பெரிய கூச்சல். "பானி இர்மினா! செத்துப்போயிட்டீங்களா உள்ள?" "பஸ் போகுதும்மா!" "எழுபத்தி நாலு! என் கோட்டு, எழுபத்தி நாலு!" ஒருவர் மேசையைத் தாண்டியே குதித்துவிட்டார். ஹூபெர்ட் இறங்கிவந்து, "என்ன இர்மா, தூங்கிட்டியா?" என்றான். அவள் கோட்டுகளை அள்ளி அள்ளி மேசைமேல் போட்டாள். அன்றைக்கு வரிசையில் யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "களைப்பா இருக்கு, நாளைக்குச் சொல்றேன்" என்றாள். ஜெனோன் சரி என்றான்.

மறுநாள் மதியம். ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி கோழிச்சாறு, அதில் மெல்லிய சேமியா, மேலே கொத்தமல்லி மாதிரி வோக்கோசுத் தழை. மாடிப்படி முழுக்க எல்லா வீட்டிலிருந்தும் அதே வாசனை. இர்மினா கரண்டியை வைத்துவிட்டு, குரலை ஏற்றாமல் இறக்காமல் அந்தப் படத்தைச் சொன்னாள். ரயில் நிற்காமல் போனதோடு நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"விளக்கு போட்டுட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சத்தியமா."

ஜெனோன் சாற்றில் மிதந்த கொழுப்பு வட்டங்களைக் கரண்டியால் ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டிருந்தான். "நீ சொல்ற முடிவுங்க இதைவிட நல்லா இருந்துச்சு" என்றான். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான்: "டாக்டர் ரூம்லயும் அப்படித்தானா? கடைசிச் சுருளுக்கு முன்னாடி எழுந்து வந்துட்டியா?"

கீழ்வீட்டில் ரேடியோவில் பிரார்த்தனை ஓடிக்கொண்டிருந்தது. இர்மினா மேசை விரிப்பில் ஒரு மடிப்பை விரலால் அழுத்தினாள். அது மறுபடி எழும்பியது.

"இல்ல" என்றாள். "அங்க கடைசிவரைக்கும் உக்காந்திருந்தேன்."

"அப்போ வாசி."

அவள் வாசித்தாள். ரெண்டு பக்கமும் பரவிடுச்சு. ஏப்ரல் தாண்டினா பெரிசு. அவர்கிட்ட சொல்லாதீங்க, தெம்பு போயிடும். டாக்டர் அம்மாவின் பேச்சும் அவள் பேச்சும் ஒரே குரலில், சாமான் பட்டியல்போல வந்தன. 'தெம்பு' என்ற இடத்தில் குரல் உடையப் பார்த்தது. ஜெனோன் கையைத் தூக்கவில்லை, ஆனால் அவளே நிறுத்தி, அந்த வரியை மறுபடி ஒழுங்காகச் சொன்னாள்.

அவன் சாற்றை முழுவதும் குடித்து முடித்தான்.

"நவம்பர்ல இருந்தா?"

"ம்."

"நவம்பர், டிசம்பர், ஜனவரி" என்று விரல் மடக்கினான். "கூரையைப் பத்தி உன்கிட்ட எவ்வளவு பேசியிருப்பேன். வேலை மெனக்கெட்டு ஆணி எல்லாம் பொறுக்கி வெச்சேன்." அவள் அழத் தொடங்கியதும், "அழாதே. எந்திரி. என் கோட்டை எடு" என்றான்.

"எங்க போற?"

"கீழ. போன் பூத்துக்கு."

கோட்டு நவம்பரிலிருந்து கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கும்போதுதான் பார்த்தாள், நாடா அறுந்திருந்தது. கழுத்துப் பட்டையால் கொக்கியில் மாட்டியிருந்ததில் அந்த இடத்தில் துணி கூம்பிப்போய் நின்றது. ஊரையெல்லாம் திட்டிய வாய். அவள் ஒன்றும் சொல்லாமல் கோட்டை விரித்துப் பிடித்தாள். அவன் ஒரு கையை நுழைத்தான், மூச்சு வாங்கினான், மறு கையை நுழைத்தான்.

"எல்லாருக்கும் இப்படிப் புடிச்சுத்தான் குடுப்பியா?"

"எங்க? மேசைமேல தூக்கிப் போடுவேன்."

"அதானே பாத்தேன்."

நான்காம் மாடியிலிருந்து மூன்றாவதற்கு இறங்கினார்கள். மூன்றிலிருந்து இரண்டுக்குப் பாதி வழியில் அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். உதடு நீலமாக இருந்தது. கோட்டு ரொம்பப் பெரிதாகிவிட்டதுபோல அவனைச் சுற்றி நின்றது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கீழே பார்த்தான்.

"நீ போ" என்றான். "நான் சொல்றதை மட்டும் சொல்லு. நீயா ஒண்ணும் சேக்காதே."

"என்ன சொல்லணும்?"

"கண்ணாடில பாத்தேன்னு சொல்லு. அவன் ஓடிவர்றது தெரிஞ்சுதான் வண்டியை எடுத்தேன்னு சொல்லு." மூச்சு எடுத்தான். "இந்தத் தடவை பஸ் நிக்குது. ஆனா மே மாசம் வரைக்கும் நிக்காதுன்னு சொல்லு."

இர்மினா வாய்க்குள் சொல்லிக்கொண்டே இறங்கினாள். தெருவில் யாரும் இல்லை. பூத்தின் கதவு பனியில் இறுகியிருந்தது, தோளால் தள்ளித் திறந்தாள். போன் அட்டையைச் சொருகி எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?" என்றது ஜெனோனின் குரல் போலவே ஒரு குரல், மூச்சுத் திணறல் இல்லாமல்.

"இர்மினா. ஜெனெக் சொல்லச் சொன்னான்" என்று தொடங்கி, அந்த வரிகளைச் சொன்ன வரிசையிலேயே சொன்னாள்.

மறுமுனையில் எங்கோ ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு, "வேற என்ன சொன்னான்?"

உன்னைப் பார்க்கத் துடிக்கிறான், தினமும் உன் பேச்சுதான் என்று நாக்கின் நுனியில் வந்தது. பதினோரு வருடப் பழக்கம். அதை விழுங்கினாள்.

"வேற ஒண்ணும் சொல்லல" என்றாள்.

வெறும் இரைச்சல் மட்டும் கேட்டது. ரிசீவரைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதுவும் போயிற்று.

மேலே ஏறிவந்தபோது ஜெனோன் அதே படியில்தான் இருந்தான். அக்கம்பக்கத்து வீட்டார் யாரோ அவன் மடியில் ஒரு தலையணையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"வர்றானா?"

"தெரியல."

"நீ பாட்டுக்கு வெச்சுட்டு வந்துட்டியா?"

"இல்ல, ஜெனெக். நான் கடைசிவரைக்கும் இருந்தேன். அவன்தான் வெச்சான்."

அவன் தலையை ஆட்டினான். அவள் ஒருபடி கீழே உட்கார்ந்து, அவன் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். மேலே ஏறுவதற்கு இருவரும் அவசரப்படவில்லை.